இந்தியர்களுக்கு இது குறைவுதானாம்

“இந்தியர்களுக்கு ஏ.எஃப். குறைவுதான்.” புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்கள் யாராவது இப்படிச் சொல்வதை கிளினிக்கில் இருந்த காலத்தில் அவ்வப்போது கேட்டிருக்கிறேன். படித்ததைத்தான் சொல்கிறார்கள், தப்பில்லை. பல நாடுகளில் எடுத்த கணக்குகளும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கின்றன. எனக்கு உறுத்துவது, அந்த வாக்கியம் நோயாளியின் காதில் விழுந்த பிறகு நடப்பதுதான். டாக்டர் சொல்வது ஒரு கூட்டத்தின் சராசரியை. எதிரே உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குக் கொண்டுபோவது, “எனக்கு வராதாம்” என்பதை.

ஏ.எஃப். என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பித்துவிடும். கீழறைகள் அந்த நடுக்கத்தில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு தாறுமாறாகத் துடிக்கும். சிலருக்குப் படபடப்பு வரும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் இடது மேலறையின் ஓரத்தில் தொங்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆய்வு, ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு என்று 1991இல் கணக்குக் காட்டியது. இன்றைக்கும் டாக்டர்கள் வாயில் வரும் எண் அதுதான்.

நான் கோலாலம்பூரில் அரசாங்கக் கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தை விட்டு வந்து செந்தூல் பக்கம் குடியேறிய பெரியவர்கள் கடைசிவரை என்னை “டிரசர்” என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு ரிங்கிட் கட்டி நம்பர் எடுத்து, காலையிலிருந்து காத்திருந்து, மருந்துக் கவுண்டரில் பையை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால் என்று மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் நம் ஆட்கள்தான் கண்ணுக்கு அதிகம் தெரிவார்கள். அது வெறும் கண் கணக்கும் இல்லை. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் 31.4 விழுக்காடு.

ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலைகளில் ஒன்று. நம் ஆண்களுக்கு நெஞ்சில் ரோமம் அதிகம். ரேஸரை எடுத்து நாலைந்து இடத்தில் மழிக்காவிட்டால் ஒட்டு நிற்காது. பவுடர், தைலம், சந்தனம் எல்லாவற்றையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாக வேண்டும். பெண்களுக்கு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், எடுப்பார். தாலிக்கொடியைத் தோள் பக்கம் ஒதுக்கிவிட்டு, “பேசாதீங்க ஆன்ட்டி, கையை ஆட்டாதீங்க” என்று இரண்டு தடவை சொல்லியாக வேண்டும். தாள் வெளியே வந்ததும் நான் செய்வது ஒரு பழைய வழி. வெள்ளைத் தாள் ஒன்றின் ஓரத்தை அந்தக் கூர்முனைகளுக்கு அடியில் வைத்து, மூன்று நான்கு முனைகளுக்கு நேராகப் பென்சிலால் கோடு போடுவேன். தாளை ஒரு துடிப்பு தள்ளி நகர்த்தினால் கோடுகள் அடுத்த முனைகளோடு பொருந்த வேண்டும். ஏ.எஃப். இருந்தால் எங்கே நகர்த்தினாலும் பொருந்தாது. ஒவ்வொரு பெரிய முனைக்கும் முன்னால் வரவேண்டிய சின்ன மேடு, பி அலை என்பார்கள், அதுவும் இருக்காது. அடிக்கோடு மட்டும் நெளிந்துகொண்டிருக்கும். பார்த்துப் பழகிவிட்டால் இரண்டு நொடியில் தெரிந்துவிடும். பழகாத கண்ணுக்கும் அந்தப் பென்சில் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, புதிருக்கு வருகிறேன்.

ஏ.எஃப். வருவதற்கு முதல் காரணங்கள் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் வயது, ரத்தக் கொதிப்பு, உடல் பருமன், நீரிழிவு, இதய நோய் என்றுதான் இருக்கும். அப்படியானால் இவை அதிகமாக உள்ள இனத்தில் ஏ.எஃப்.பும் அதிகமாக இருக்க வேண்டுமில்லையா? நடப்பது தலைகீழ். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு ரத்தக் கொதிப்பு வெள்ளையர்களைவிட அதிகம். ஆனால் அங்கே நீண்டகாலம் நடந்த ஓர் ஆய்வில் அவர்களுக்கு ஏ.எஃப். ஆபத்து 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 2013இல் கலிஃபோர்னியாவின் மருத்துவமனைப் பதிவுகளில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேரை வைத்துப் பார்த்தபோதும் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், ஆசியர் என்று எல்லோருக்கும் வெள்ளையர்களைவிடக் குறைவு. ஆசியர்களுக்கு 22 விழுக்காடு குறைவு.

இங்கிலாந்தில் நம் மாதிரி ஆட்களையே பார்த்திருக்கிறார்கள். பர்மிங்ஹாமின் மேற்குப் பகுதியில் 1990களின் பின்பாதியில் எடுத்த கணக்கில், 50 வயதைத் தாண்டிய பொதுமக்களில் 2.4 விழுக்காட்டினருக்கு ஏ.எஃப். இருந்தது. அதே வயதில் இந்திய வம்சாவளியினரை உள்ளடக்கிய தெற்காசியர்களிடம் 0.6 விழுக்காடு. அதே தெற்காசியர்களுக்குத்தான் அந்த நாட்டில் மாரடைப்பும் நீரிழிவும் அதிகம். நம் கோலாலம்பூரிலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இங்கே ஒரு மருத்துவமனையில் ஒரே மாதத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட 1435 பேரைப் பார்த்து, அதில் 40 பேருக்கு, அதாவது 2.8 விழுக்காட்டினருக்கு, ஏ.எஃப். என்று 2003இல் எழுதினார்கள். ஏற்கெனவே இந்த நோய் இருப்பது தெரிந்தவர்களில்கூட ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 16 விழுக்காடுதான். எந்த இனத்துக்கு எத்தனை என்பதைவிட இந்த 16தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நோய் தெரிந்திருக்கிறது, மருந்து இருக்கிறது, ஆனால் நோயாளியிடம் போய்ச் சேரவில்லை.

ஏன் குறைவு என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஒன்று, இதயத்தின் அளவு. உயரமானவர்களுக்கு ஏ.எஃப். வரும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மேலறை பெரிதாக இருக்கும், பெரிய அறையில் நடுக்கம் நிலைத்து நிற்க இடம் கிடைக்கும். தெற்காசியர்களுக்குச் சராசரியாக இடது மேலறை சிறியது என்று ஸ்கேனில் அளந்து காட்டியிருக்கிறார்கள். இது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இன்னொன்று மரபணு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2007இல் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் நான்காவது குரோமோசோமில், பிட்எக்ஸ்2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில், ஏ.எஃப்.புக்கு வழிவிடும் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஹாங்காங் சீனர்களிடமும் தேடிப் பார்த்தார்கள். அங்கே 75 விழுக்காட்டினரிடம் அந்த மாற்றம் இருந்தது. ஐரோப்பியர்களிடமோ அதில் பாதிகூட இல்லை. இருந்தும் ஏ.எஃப். அதிகம் வருவது ஐரோப்பியர்களுக்குத்தான். ஒரு மரபணுவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் இனத்துக்கே ஜாதகம் எழுத முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதே சமயம் மரபுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் தள்ளிவிட முடியவில்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் ஐரோப்பிய மூதாதையரின் பங்கு 10 விழுக்காடு கூடக் கூட ஏ.எஃப். ஆபத்து 13 விழுக்காடு கூடுவதாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது.

மூன்றாவது, தேடுகிறவர்களுக்குத்தான் கிடைக்கும் என்ற விஷயம். ஏ.எஃப். வந்து வந்து போகும் ஜாதி. நோயாளி படபடக்கிறது என்று வரும்போது, கிளினிக் வாசலைத் தொடுவதற்குள் நின்றிருக்கும். ஈ.சி.ஜி. தாள் சுத்தமாக வரும். யார் அடிக்கடி டாக்டரைப் பார்க்கிறாரோ, யாருக்கு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிவிடுகிறார்களோ, அவருக்குத்தான் பிடிபடும். அமெரிக்காவில் பல இனத்தவரையும் சேர்த்து நடந்த மீசா ஆய்வில் இதை அழகாகக் காட்டினார்கள். சுமார் 14 ஆண்டுகளில் மருத்துவமனை வழியாகத் தெரியவந்த ஏ.எஃப். வெள்ளையர்களிடம் 11.3 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 6.6. பிறகு நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் கருவியைக் கொடுத்து இரண்டு வாரம் வரை விடாமல் பதிவு செய்தபோது வெள்ளையர் 7.1, கறுப்பினத்தவர் 6.4. பெரிய பள்ளம் ஏறக்குறைய மூடிக்கொண்டது. ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம், அதாவது இரவும் பகலும் இதயம் பதிவாகிக்கொண்டே இருப்பவர்களிடம், செய்த இன்னோர் ஆய்வில் ஐரோப்பியர்களைவிடச் சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் ஏ.எஃப். குறைவாகவே வந்தது. ஆக, கொஞ்சம் உண்மையிலேயே குறைவு, கொஞ்சம் தேடாததால் குறைவு. இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது ஊருக்கு ஊர் மாறும்.

நான்காவதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஏ.எஃப். முதுமையின் நோய். அதைச் சந்திக்க முதலில் அந்த வயதுவரை இருக்க வேண்டும். மலேசியாவில் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வருகிறவர்களின் சராசரி வயது 58ஐ ஒட்டி இருக்கிறது. மேற்கு நாடுகளில் இதைவிடத் தள்ளித்தான் வருகிறது. இந்த நாட்டின் இதய நோய்ப் பதிவேட்டில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நம் பங்கைவிட எப்போதும் கூடுதல். 55 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டவர், 75இல் வரவேண்டிய ஏ.எஃப். கணக்கில் எப்படி வருவார்? செந்தூலில் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் எழுபதைத் தாண்டிய ஆண்கள் எத்தனை பேர் என்று யோசித்தால், “நமக்கு இது குறைவு” என்பதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

இதற்கு நடுவில் குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் மொத்தமாகக் குடித்துவிட்டுத் துடிப்பு தப்பி வருகிறவர்களைப் பார்த்த அமெரிக்க டாக்டர்கள் 1978இல் அதற்கு “விடுமுறை இதயம்” என்று பெயரே வைத்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயர் தானாகவே விளங்கும். சம்சு குடித்தவர், பீர் குடித்தவர், விலையுயர்ந்த விஸ்கி குடித்தவர் என்ற வித்தியாசமெல்லாம் மேலறைக்குக் கிடையாது.

புள்ளிவிவரத்தில் “குறைவு” என்று சொல்லும்போது மறைந்துபோகும் ஒரு கூட்டம் நம்மிடம் இருக்கிறது. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த பெண்கள். சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல். பல ஆண்டுகள் கழித்து இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கிப் போயிருக்கும். ரத்தம் கீழே இறங்க முடியாமல் மேலறை வீங்கும், வீங்கிய மேலறை நடுங்கும். இவர்களுக்கு ஏ.எஃப். வர எழுபது வயது ஆக வேண்டியதில்லை, நாற்பதிலேயே வந்துவிடும். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்பார்கள், வீட்டில் “உடம்பு போட்டுவிட்டது, அதனால்தான்” என்று முடித்திருப்பார்கள். 46 நாடுகளில் ஏ.எஃப்.போடு அவசரப் பிரிவுக்கு வந்த 15,400 பேரைப் பதிவு செய்த ஆய்வு 2014இல் வந்தது. வட அமெரிக்காவில் ருமாட்டிக் இதய நோய் உள்ளவர்கள் அவர்களில் 2.2 விழுக்காடு. இந்தியாவில் 31.5. இந்தியா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு நோயாளிகள் மற்ற நாட்டினரைவிட 10 முதல் 12 வயது இளையவர்கள். நோயின் பெயர் ஒன்றுதான். அது வரும் பாதையும் வரும் வயதும் வேறு.

இவர்களுக்கு மருந்தும் வேறு. இப்போது வந்திருக்கும் புதிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் பலருக்கு வசதி, அடிக்கடி ரத்தம் குத்திப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்குப் பழைய வார்ஃபரின்தான். 2022இல் வந்த ஓர் ஆய்வில் ருமாட்டிக் நோயாளிகளுக்குப் புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகையே நன்றாக வேலை செய்தது. வார்ஃபரினிலும் இன வித்தியாசம் இருக்கிறது. சிங்கப்பூரில் பார்த்தபோது சீனர்களையும் மலாய்க்காரர்களையும்விட இந்தியர்களுக்குச் சராசரியாக டோஸ் கூடுதலாகத் தேவைப்பட்டது. அதனால்தான் பெரிய மருத்துவமனைகளில் மருந்தாளர்கள் நடத்தும் வார்ஃபரின் கிளினிக்கில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அங்கே நம் ஆட்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கீரை. முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருந்தால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கி ஆடும். கீரையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். இரண்டாவது கேள்வி நாட்டு மருந்து. அதைக் கேட்டால் முதலில் “இல்லை” என்றுதான் பதில் வரும். கிளம்பும்போது கதவுப் பக்கத்தில் நின்று, “ஒரு லேகியம் மட்டும்…” என்பார்கள்.

எல்லா ஆய்விலும் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் யாரைப் போடுகிறார்கள்? கலிஃபோர்னியாவில் “ஆசியர்” என்றால் சீனர், ஃபிலிப்பினோ, வியட்நாமியர், இந்தியர் எல்லோரும் ஒரே பையில். 2007இல் அதே கலிஃபோர்னியாவில், ஏ.எஃப். உள்ளவர்களில் ஆசியர்களுக்கு மூளையில் ரத்தக் கசிவு வரும் ஆபத்து வெள்ளையர்களைவிட 4 மடங்கு என்று வந்தது. அந்த 4 யாருடைய 4? நம் நாட்டு ஃபாரங்களில் மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டம். “இந்தியர்” கட்டத்துக்குள் திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டனின் பேரனும் பஞ்சாபிக்காரரும் மலையாளியும் ஒன்றாக உட்காருகிறார்கள். கிளினிக்கில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், அப்பா தமிழர், அம்மா சீனர். இங்கே பெரும்பாலும் அப்பாவின் இனத்தைத்தான் எழுதுவார்கள், அதனால் அவன் இந்தியர். அவன் தங்கை ஒருமுறை என்னிடம் கேட்டாள்: “அங்கிள், எனக்கு ரிஸ்க் எந்தப் பக்கத்திலேர்ந்து வரும்?” ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். கேள்வி சரியான கேள்விதான்.

என் மச்சானின் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர், ரயில்வேயில் இருந்தவர், இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. இரவில் படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி போனபோது அவரே துணிந்து, இதயத் துடிப்புக் கோளாறாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறார். “அது உங்க ஆளுங்களுக்கு ரொம்ப வராது அங்கிள்” என்று பதில். சில மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் மானிட்டரில் ஏ.எஃப். ஓடியது. இப்போது ஓரளவு நடக்கிறார், பேச்சு மெதுவாக வருகிறது. அந்த டாக்டர் ஹோல்டருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் ஹோல்டரில் சிக்காமலும் போயிருக்கலாம். ஆனால் சராசரியைக் காட்டி தேடலை நிறுத்திய இடம் அது.

இதில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்தை எடை போட டாக்டர்கள் ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதயம் பலவீனமா, ஒரு புள்ளி. ரத்தக் கொதிப்பா, ஒரு புள்ளி. நீரிழிவா, ஒரு புள்ளி. மாரடைப்பு மாதிரி ரத்தக்குழாய் நோயா, இன்னொன்று. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. வயதுக்கு 65இல் ஒன்று, 75இல் இரண்டு. இனத்துக்குப் புள்ளி இல்லை, கழிப்பதற்கும் வழியில்லை. நம் ஆட்களில் ஏ.எஃப். வருகிறவர்கள் குறைவாகவே இருக்கட்டும். வந்தவரை இந்தக் கணக்கில் நிறுத்துங்கள்: ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, ஒரு ஸ்டென்ட் என்று மூன்று புள்ளியோடுதான் உள்ளேயே நுழைகிறார். என் மச்சானின் அண்ணன் முதல் தடவை அந்தத் தனியார் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தபோதே அவருக்கு இரண்டு புள்ளி இருந்தது. வருவதற்கான வாய்ப்பு வேறு, வந்தபின் அடிக்கும் அடி வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லாமல் விடுவதால்தான் தப்பாகக் கேட்கிறது.

ஐரோப்பிய வழிகாட்டிகள் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வேறு எதற்கு வந்தாலும் துடிப்பைப் பார்க்கச் சொல்கின்றன. நல்ல யோசனை. ஆனால் 58இல் மாரடைப்பு வரும் ஊரில் 65வரை காத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. இனிப்புநீர் உள்ளவர் ஐம்பதைத் தொட்டாலே கையைப் பிடித்துப் பார்க்கலாம். செலவில்லை, அரை நிமிடம்தான். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து, எண்ணுவதை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் கவனித்தால் போதும். சரியான துடிப்புக்கு ஒரு தாளம் இருக்கும், ஏ.எஃப்.புக்குத் தாளமே இருக்காது. முன்பெல்லாம் டிரசரோ மிஸ்ஸியோ கையைப் பிடிக்காமல் யாரும் உள்ளே போனதில்லை. இப்போது கிளினிக் வாசலிலேயே மெஷின். கையை உள்ளே விட்டால் மேலே, கீழே என்று ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்ணும், துடிப்பு 84 என்று மூன்றாவது எண்ணும் சீட்டில் வந்துவிடுகிறது. அந்த 84 ஒழுங்கான 84ஆ, தாறுமாறான 84ஆ என்பதை அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சில மெஷின்களில் துடிப்பு ஒழுங்கில்லை என்று காட்ட ஒரு சின்னக் குறி வரும், அதைப் பார்ப்பவர் குறைவு. அதனால் நம்பர் கூப்பிட்டு உள்ளே போகும்போது சீட்டோடு கையையும் நீட்டி, “மிஸ்ஸி, துடிப்பைக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க” என்று கேளுங்கள். கேட்டால் முடியாது என்று சொன்ன மிஸ்ஸியை நான் இதுவரை பார்த்ததில்லை.